பார்த்துத் தொலைத்த படங்கள்: பின்னிரங்கலியலில் ஒரு முன்னாராய்ச்சி

தமிழ் சினிமாவை ஆராய்ந்தவர்களுக்குக் குறைவில்லை. நாடகமும் சினிமாவும் தேசிய இயக்கத்துக்குத் தூது போன கதையைத் தியடோர் பாஸ்கரன் 1981-இல் எழுதினார். எம்.ஜி.ஆரின் பிம்பத்தை எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992-இல் பிரித்துப் போட்டார். அமெரிக்காவிலிருந்து மதுரைக்கு வந்து தங்கி, ரசிகர் மன்றத்துக்காரர்களோடு பழகி, சாரா டிக்கி 1993-இல் ஒரு நூல் வெளியிட்டார். நடித்தவர், எடுத்தவர், விசிலடித்தவர், ஓட்டுப் போட்டவர் என்று எல்லாரையும் ஆராய்ந்து முடித்துவிட்டார்கள். விட்டுப்போனவன் ஒருவன் இருக்கிறான். படம் முடிந்து, வண்டி ஸ்டாண்டில் டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு, தன் வண்டியை மறித்து நிற்கும் நான்கு வண்டிகளைப் பார்த்தபடி, "இதுக்கா வந்தோம்?" என்று கேட்கிறானே, அவன். இக்கட்டுரை அவனைப் பற்றியது.

முதலில் பெயர் வைக்க வேண்டும். 'வருத்தம்' போதாது, வாடகை ஏறினாலும் வருத்தம்தான். 'கழிவிரக்கம்' நல்ல சொல். ஆனால் அதைக் கவிஞர்கள் தங்களைப் பற்றித் தாங்களே உருகுவதற்கு எடுத்துக்கொண்டுவிட்டார்கள், திருப்பிக் கேட்டால் அதற்கும் உருகுவார்கள். ஆகவே 'பின்னிரங்கல்' என்று வைத்துக்கொள்கிறேன். காசு கொடுத்து ஒரு படத்தை இறுதிவரை பார்த்துவிட்டு, பாராதிருந்திருக்கலாமே என்று ஏங்குவது பின்னிரங்கல். 'இறுதிவரை' என்பது இங்கே முக்கியம். பாதியில் எழுந்து வந்தவனுக்குப் பின்னிரங்கல் கிடையாது. அவன் அன்றைக்கு முழுக்க ஏதோ மலையேறி வந்தவன் போலத் திரிவான். செல்போனில் பார்ப்பவனும் கணக்கில் வரமாட்டான். பிடிக்காத இடத்தைக் கட்டைவிரலால் தள்ளிவிடுகிறவனுக்கு என்ன துன்பம் இருக்கிறது?

பெயர் கிடைத்தவுடன் திணை தானாகவே கிடைத்துவிட்டது. அகத்திணை ஐந்தில் இரங்கலுக்கு உரியது நெய்தல். இதுவரை யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். என்னை அசத்தியது பொழுது. நெய்தலுக்குரிய சிறுபொழுது எற்பாடு, அதாவது பொழுது சாயும் நேரம். மேட்னி விடுகிற நேரம் எது? இரண்டரைக்கு இருட்டுக்குள் போனவன் ஐந்தரைக்கு வெளியே வருகிறான். மேற்கு வெயில் நேரே கண்ணில் அடிக்கிறது. ஒரு பகல் போய்விட்டது என்பது அப்போதுதான் உறைக்கிறது. இரவுக்காட்சி பார்த்தவனுக்கு இந்தக் கொடுமை இல்லை. வீட்டிலிருந்தால் தூங்கியிருப்போம், அவ்வளவுதானே என்று தேற்றிக்கொள்ளலாம். தியேட்டர் வாசலையே பார்த்திராத ஒரு காலத்தில் நம் முன்னோர் மேட்னியின் விளைவை இவ்வளவு துல்லியமாகக் கணித்திருப்பது வியப்பளிக்கிறது.

நெய்தல் மக்களின் தொழில் உப்பு விளைத்தல் என்பதையும், இடைவேளைப் பாப்கார்னின் அடியில் கிடக்கும் உப்பையும் ஒப்புநோக்குக. அன்றைய உமணர் உப்பைக் கொடுத்து நெல்லை வாங்கிப் போனார்கள். இன்று அதே உப்பைச் சோளப்பொரியில் தூவி, நெல் விற்ற காசை வாங்கிக்கொள்கிறார்கள். நண்பர் ஒருவர், 'பாலைதான் பொருந்தும், பணத்தைப் பிரிகிறோமே' என்று வாதிட்டார். ஏசி ஓடாத தியேட்டர்களைப் பொறுத்தவரை அவர் கருத்தை ஏற்கிறேன்.

இனி, தரவு. ஊர் ஊராகப் போய்க் கள ஆய்வு செய்ய எனக்கு நிதியில்லை, குடும்பம் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் மாட்டுப் பொங்கலன்று மேட்னி, செம கூட்டம். நான், என் மனைவி, மகள், மாமியார், மனைவியின் தம்பி என்று ஐந்து பேர். படத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். எடுத்தவருக்கும் பிள்ளைகுட்டிகள் இருப்பார்கள். கதாநாயகன் ஊருக்கு வருகிறார், ஊர் திருந்துகிறது. திருந்துகிற இடைவெளியில் பனிமலையில் இரண்டு பாட்டு. இதற்கு எங்களை அழைத்துப் போனது மைத்துனன். "செம ரிவ்யூ மாமா, நம்பி வாங்க" என்றான். இந்த வாக்கியத்தை வாசகர் குறித்துக்கொள்ள வேண்டும். என் ஆய்வு முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது.

இருபதாவது நிமிடத்தில் மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நாற்பதாவது நிமிடத்தில் மனைவி என்னைத் திரும்பிப் பார்க்காமல் இருந்தாள். அனுபவம் உள்ளவர்களுக்கு இரண்டில் எது மோசம் என்று தெரியும். மாமியார் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிப்போனார். கடைசியில் வில்லனின் மாளிகை வெடித்தபோது விழித்தார். வெளியே வரும்போது, "படம் பரவாயில்லையே மாப்பிள்ளை, குளுகுளுன்னு இருந்துச்சு" என்றார். ஐவரில் பின்னிரங்கல் அண்டாத ஒரே ஆள் அவர். தியேட்டர் என்பது தூங்கும் இடம் என்ற தெளிவோடு வருகிறவர்களை எந்த இயக்குநராலும் ஒன்றும் செய்ய முடியாது என்பது இந்த ஆய்வின் துணைமுடிபு.

மற்ற நால்வரும் இடைவேளையிலேயே எழுந்து வந்திருக்கலாம். ஏன் வரவில்லை? 1985-இல் ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் புளூமர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒஹாயோ பல்கலைக்கழக அரங்கில் நாடகங்களுக்கு மொத்தமாக சீசன் டிக்கெட் வாங்க வந்தவர்களில் சிலருக்கு முழு விலையான 15 டாலருக்குக் கொடுத்தார்கள், சிலருக்கு 13-க்கு, சிலருக்கு 8-க்கு. நாடகம் எல்லாருக்கும் ஒன்றேதான். சீசனின் முதல் பாதியில் முழு விலை கொடுத்தவர்கள்தான் மற்றவர்களைவிட அதிகமாக வந்து உட்கார்ந்தார்கள். போன காசு போனதுதான் என்று மனம் ஒப்புவதில்லை. இன்னும் கொஞ்சம் உட்கார்ந்தால் சீட்டுக்கடியில் கிடைத்துவிடும் என்று நினைக்கிறது. இதற்கு அவர்கள் பக்கம் பக்கமாக எழுத வேண்டியிருந்தது. நம்மூரில் "கொடுத்த காசுக்கு" என்றால் முடிந்தது. கொடுத்த காசுக்கு உட்கார்ந்துட்டுப் போவோம். கொடுத்த காசுக்குச் சாப்பிட்டு வைப்போம். சில வீடுகளில் கல்யாணமே கொடுத்த காசுக்குத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆனால் ஒஹாயோக்காரர்களுக்கு நம் இடைவேளையைத் தெரியாது. கதவு திறந்திருக்கிறது, விளக்கு எரிகிறது, வெளியே போகிறவனை ஏன் என்று யாரும் கேட்பதில்லை. இருந்தும் மொத்தக் கூட்டமும் பப்ஸைத் தின்றுவிட்டு உள்ளே திரும்புகிறது. காரணம், கேன்டீன் வரிசையில் எங்கிருந்தோ ஒரு குரல், "செகண்ட் ஹாஃப்ல பிக்கப் ஆயிடும்ப்பா" என்று சொல்லும். சொன்னவர் யார் என்று திரும்பிப் பார்த்தால் யாரும் இருக்கமாட்டார்கள். எந்தத் தியேட்டருக்குப் போனாலும் அந்தக் குரல் இருக்கிறது. கம்பெனியே ஆள் வைத்திருப்பார்களோ என்று சந்தேகப்பட்டிருக்கிறேன். எங்கள் விஷயத்தில் இன்னொரு தடை. மனைவி வாயெடுக்கட்டும் என்று நான் இருந்தேன். நான் வாயெடுக்கட்டும் என்று அவள். மைத்துனன் முகத்தைப் பப்ஸுக்குப் பின்னால் வைத்திருந்தான். நான் ஸ்டாண்டுக்குப் போய் நோட்டம் பார்த்தேன். "ஷோ விடாம வண்டி எடுக்க முடியாது சார், உள்ளாற மாட்டியிருக்கு" என்றார் டோக்கன் கொடுப்பவர். உளவியல் எல்லாம் அப்புறம். தமிழ்நாட்டில் ஒரு படத்தை முழுதாகப் பார்க்க வைப்பதில் பார்க்கிங்கின் பங்கைத் தனியே ஆராய வேண்டும்.

முழுதாகப் பார்த்தவர்கள் தியேட்டர் வாசலைத் தாண்டும்வரை சிரித்துக்கொண்டே வருவது ஏன் என்பது அடுத்த புதிர். இதற்கு டேனியல் கானமனும் அவர் கூட்டாளிகளும் 1993-இல் வெளியிட்ட சோதனை உதவுகிறது. ஆட்களின் கையை ஒரு முறை 14 டிகிரி குளிர்நீரில் 60 வினாடி வைக்கச் சொன்னார்கள். இன்னொரு முறை அதே 60 வினாடி, அதற்கு மேலும் 30 வினாடி. அந்த முப்பதில் மட்டும் தண்ணீரை மெல்ல 15 டிகிரிக்கு ஏற்றினார்கள். மூன்றாவது தடவை எது வேண்டும் என்று கேட்டால், பெரும்பாலோர் நீண்டதையே கேட்டார்கள். மொத்தத்தில் வலி கூடுதல், ஆனாலும் முடிவு இதமாக இருந்ததாம். நம் இயக்குநர்கள் இதைக் கானமனிடம் படிக்கவில்லை. இரண்டரை மணி நேரம் நம்மைக் குளிர்நீரில் முக்கிவிட்டு, எழுத்து ஓடும்போது ஒரு குத்துப்பாட்டும், படப்பிடிப்பில் நகைச்சுவை நடிகர் தடுக்கி விழுந்த காட்சிகளும் போடுகிறார்கள். ஒரு டிகிரி ஏறுகிறது. வண்டியை எடுக்கப் போகும்போதுதான் கை விறைத்திருப்பது தெரிகிறது.

சொல்லாராய்ச்சிக்கு வருகிறேன். உண்மையில் எனக்கு ஆசை இதில்தான். மேலே உள்ளதெல்லாம் ஆராய்ச்சி என்றால் வெள்ளைக்காரன் பெயர் நாலு வேண்டுமே என்பதற்காகச் சேர்த்தது. மோசமான படத்துக்குத் தமிழன் வைத்த பெயர்களை வரிசையாகப் பரப்பினால் கொல்லன் பட்டறைக்குள் நுழைந்தது போலிருக்கிறது. அறுவை, ரம்பம், பிளேடு, மொக்கை. நான் கல்லூரியில் படித்த நாளில் படம் 'அறுவை'. அதைப் பற்றி விளக்கமாகப் பேசுகிறவன் 'பிளேடு'. அறுவை செயலைக் குறிக்கிறது, ரம்பமும் பிளேடும் கருவிகளை. கருவி கூராக இருந்தவரை வலித்தது, ரத்தம் வந்தது, ஏதோ ஒன்று நமக்கு நிகழ்ந்தது என்ற மரியாதையாவது மிஞ்சியது. பிறகு மொக்கை வந்தது. மொக்கை என்றால் முனை மழுங்கியது. பென்சிலுக்கும் சொல்வோம், அரிவாளுக்கும் சொல்வோம். அப்பன் தலைமுறையைப் படங்கள் அறுத்தன. பிள்ளைகளுக்கு அறுக்கவும் துப்பில்லாத கத்தி வாய்த்தது. இதிலிருந்து 'மரண மொக்கை' என்ற தொடரின் ஆழமும் விளங்கும்: மழுங்கின ஆயுதத்தால் சாவது எவ்வளவு நேரமெடுக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

'கடி' எந்த வகை என்று கேட்பார்கள். அது ஆயுதம் கண்டுபிடிக்கும் முன்பிருந்த நிலை. பெரும்பாலும் சிரிப்புத் துணுக்குகளுக்கே உரியது, இங்கே வேண்டாம். என் மகளும் அவள் தோழிகளும் இப்போது 'கிரிஞ்ச்' என்கிறார்கள். கேட்டுப் பார்த்தேன். அதில் இரும்பே இல்லை, உடம்பு கூசுவது மட்டும்தான். சிவகளை அகழாய்வை வைத்து, தமிழ் நிலத்தில் 5,300 ஆண்டுகளுக்கு முன்பே இரும்பு இருந்தது என்று தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் அறிவித்தது. இரும்புக்காலம் எப்போது தொடங்கியது என்று அறிஞர்கள் சண்டையிடட்டும். எப்போது முடிந்தது என்பது என் வீட்டுக் கூடத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது.

வள்ளுவர் இதைப் பற்றிச் சொல்லாமலிருப்பாரா? வினைத்தூய்மை அதிகாரத்தில், 655-ஆவது குறள். பின்னால் இரங்கும்படியான காரியத்தைச் செய்யாதே என்பது முதற்பாதி, அதில் தகராறில்லை. தப்பித்தவறிச் செய்துவிட்டால்? அதுபோன்ற ஒன்றை மறுபடி செய்யாதே என்பது பொதுவாகச் சொல்லும் உரை. பரிமேலழகர் வேறு வழியில் போகிறார்: செய்தபின் உட்கார்ந்து இரங்கிக்கொண்டிருக்காதே என்று பொருள் கொள்கிறார். முதல் உரைப்படி 'பாகம் 2'-க்குப் போகக் கூடாது. பரிமேலழகர் உரைப்படி போகலாம், ஆனால் வந்து புலம்பக் கூடாது. தயாரிப்பாளர்கள் எல்லாரும் பரிமேலழகர் கட்சி என்பதில் எனக்கு ஐயமில்லை. நான் மற்ற கட்சி. இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையை எழுதுவதற்கே எனக்கு உரிமை இல்லாமல் போய்விடும். படத்தின் முடிவில் 'தொடரும்' என்று போட்டு, பாதிப் பின்னிரங்கலை இப்போதும் மீதியை இரண்டு வருஷம் கழித்தும் தவணையில் கொடுக்கும் புதுப்பழக்கத்தை இரண்டு உரையாசிரியர்களும் எதிர்பார்க்கவில்லை.

அரசாங்கம் என்ன செய்கிறது என்பதையும் ஒரு வரியில் பார்த்துவிடலாம். 2012-இலிருந்து படத்துக்கு முன்னால் புகையிலை எச்சரிக்கை உண்டு. திரையில் ஒருவர் பீடியைத் தொட்டாலே மூலையில் எழுத்து வருகிறது. படத்தைப் பற்றிய எச்சரிக்கைதான் வருவதில்லை. தமிழில் பெயர் வைத்தால் கேளிக்கை வரி கிடையாது என்று 2006-இல் விலக்குக் கொடுத்தார்கள். அந்நாளில் பின்னிரங்கல் செந்தமிழ்த் தலைப்போடு கிடைத்தது. இப்போது நூறு ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு 18 சதவிகிதம் ஜிஎஸ்டி. கேளிக்கை நடந்ததா இல்லையா என்று விசாரிக்காமலே வாங்கிக்கொள்கிறார்கள்.

காலத்தால் பின்னிரங்கல் கெட்டுப்போகும் என்பதையும் சொல்ல வேண்டும். 1954-இல் தமிழ்ப் புத்தாண்டுக்கு 'அந்த நாள்' வந்தது. எஸ். பாலசந்தர் இயக்கம், ஏவிஎம் தயாரிப்பு. பாட்டுக்காகவே படத்துக்குப் போகும் ஊரில் ஒரு பாட்டு இல்லை. சிவாஜியைப் பார்க்கப் போனால் அவர் ஆரம்பத்திலேயே சுடப்பட்டுச் சாகிறார். சரி, ஏன் செத்தார் என்று பார்த்தால் நாட்டைக் காட்டிக்கொடுத்தவர். வசூல் படுத்தது. அன்று கைக்காசைத் தொலைத்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அதைத் தமிழின் முத்திரைப் படம் என்று வகுப்பெடுக்கிறார்கள். 2003 பொங்கலுக்கு 'அன்பே சிவம்' வந்தது. ஓடியது என்னவோ கூடவே வந்த 'தூள்'. இன்று யாரைக் கேட்டாலும், "அன்பே சிவமா? தியேட்டர்லயே பார்த்தேன்" என்கிறார்கள். இவர்கள் அத்தனை பேரும் அன்று டிக்கெட் எடுத்திருந்தால் படம் வெள்ளி விழா கண்டிருக்கும். பார்க்காததற்கு இரங்குவது பார்த்ததற்கு இரங்குவதைவிடக் கௌரவமானது என்பதால், பலர் கட்சி மாறிக்கொள்கிறார்கள்.

பின்னிரங்கலுக்கு நஷ்டஈடு கிடைத்ததற்கும் முன்மாதிரி உண்டு. 2002-இல் 'பாபா' எதிர்பார்த்தபடி போகாதபோது ரஜினிகாந்த் விநியோகஸ்தர்களின் நஷ்டத்தை ஈடுகட்டினார். சினிமா உலகில் இன்றுவரை பெருமையாகப் பேசப்படும் செயல், நானும் மதிக்கிறேன். டிக்கெட் வாங்கியவன்வரை அந்த ஈடு வரவில்லை என்பதை ஓர் ஆய்வாளனாகப் பதிவு மட்டும் செய்கிறேன். அவன் என்ன செய்தான் தெரியுமா? 2022 டிசம்பரில் அதே படத்தை வெட்டி ஒட்டிப் புதுசாக வெளியிட்டபோது மறுபடி வரிசையில் நின்றான். 655-ஆவது குறளின் எந்த உரையும் அவனைத் தடுக்கவில்லை.

சரி, முடிபுக்கு வருகிறேன். பின்னிரங்கல் படத்தின்மேல் எழுவதே இல்லை. கூட்டிக்கொண்டு போனவர்மேல் எழுகிறது. அந்த மாட்டுப் பொங்கல் படத்தின் இயக்குநரை எங்கள் வீட்டில் யாரும் திட்டியதில்லை, பெயர்கூட ஞாபகமில்லை. கதாநாயகன் ஊரைத் திருத்தினாரா, ஊர் அவரைத் திருத்தியதா என்பதே மறந்துவிட்டது. "நம்பி வாங்க" மட்டும் மறக்கவில்லை. மைத்துனன் ஒரு ஹோட்டலைச் சொன்னால், "இதுவும் நம்பி வாங்கதானா?" என்று மகள் கேட்பாள். அவன் புறநகரில் மனை பார்த்தபோது, "யாரையாவது கேட்டுக்கிட்டு வாங்குடா, அந்தப் படம் மாதிரி ஆயிடப்போகுது" என்று சொன்னது, அந்தப் படம் முழுக்கத் தூங்கிய என் மாமியார். பாவம், பெண் பார்க்கப் போன இடத்திலும் அவனைப் பேசவிடவில்லை. அக்கா சொல்லட்டும் என்று உட்கார்ந்திருந்தான். இதன் பலனாக இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எந்தப் படத்துக்குப் போகலாம் என்ற பேச்சு வந்தால் ஐந்து பேரும் "உங்க இஷ்டம்" என்கிறோம். ஐந்து இஷ்டமும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டிருக்க, ராத்திரிக்கு உப்புமா ஆகிவிடுகிறது.

கட்டுரையைப் பிழைதிருத்தத்துக்கு மனைவியிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிவரை படித்தாள். சந்திப்பிழை நான்கு காட்டினாள். பிறகு, "என்னங்க, என் தம்பி எங்க சொன்னான்? அவன் வேற படத்துக்குல்ல கூப்பிட்டான். அது வேணாம், இதுக்குப் போவோம்னு அடம்பிடிச்சது நீங்க" என்றாள். அதோடு நிற்கவில்லை. போனை எடுத்துக் குடும்பக் குழுவில் எங்கோ ஆழத்துக்குப் போய் ஒன்றைத் தோண்டி எடுத்தாள். மாட்டுப் பொங்கலுக்கு முதல்நாள், என் எண்ணிலிருந்து, ஐந்து டிக்கெட் புக் ஆன தகவல். அதன் கீழே, "செம ரிவ்யூ. எல்லாரும் நம்பி வாங்க."

சான்று எங்கிருந்து வந்தாலும் நடுநிலையோடு ஆராய்வதே முறை. மூன்று முறை படித்தேன். நடை என்னுடையதாக இல்லை. 'செம' என்ற சொல்லை நான் எங்கும் ஆள்வதில்லை. காலத்தாலும் பொருளாலும் முன்பின் பகுதிகளோடு ஒட்டவில்லை. இது பிற்காலத்து இடைச்செருகல் என்றே முடிவு செய்திருக்கிறேன்.